ஏடும் அச்சும் எந்திரமொழியும்



விரைந்து வளரும் தொழில்நுட்பம் மனித வாழ்வை எவ்வாறு மாற்றும் என்னும் வினா இன்று எல்லா அவைகளிலும் எழுகின்றது. மருத்துவர் அவையில் அது உயிரைப் பற்றிய வினா. தொழிலாளர் அவையில் பிழைப்பைப் பற்றிய வினா. இலக்கிய அவையில் அது சொல்லைப் பற்றிய வினாவாகின்றது. சொல்லைச் சுமந்து செல்லும் கருவிகளை மனிதன் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறான். சொல்லைத் தானே தொடுக்கும் கருவி இப்போதுதான் வந்திருக்கிறது. இவ்விலக்கிய வட்டம் தோன்றிய நாளில் அத்தகைய கருவி தமிழில் ஒரு பத்தி எழுதும் என்று கூறியிருந்தால் நம்பியிருப்பவர் மிகச் சிலரே. வட்டம் பத்தாவது ஆண்டை எட்டுவதற்குள் அது நிகழ்ந்துவிட்டது.

வருங்காலத்தைக் கற்பனையால் காண்பது எளிது. அது பொய்த்துப் போவதும் எளிது. கடந்த காலத்தில் இத்தகைய மாற்றம் நேர்ந்தபோது என்ன நிகழ்ந்தது என்று பார்ப்பது பயன் மிகுந்த வழியாகும். தமிழ்மொழிக்கு அந்த வாய்ப்பு நன்றாகவே உண்டு. தமிழ் ஏட்டிலிருந்து அச்சுக்கு மாறியது; அச்சிலிருந்து கணிப்பொறிக்கு மாறியது; இப்போது மூன்றாவது மாற்றத்தின் வாயிலில் நிற்கின்றது. முன்னைய இரு மாற்றங்களின் ஈட்டமும் இழப்பும் மூன்றாவதற்கு என்ன கற்பிக்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

ஏட்டின் அறம்

ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி எழுத்தை விளங்கச் செய்த காலத்தில் ஒரு பெருநூலைப் படியெடுப்பது ஒருவரின் பல மாத உழைப்பாக இருந்தது. அவ்வாறு எழுதிய ஏடும் என்றென்றும் நிற்பதில்லை. ஈரமும் பூச்சியும் அதன் பகைகள். சில நூற்றாண்டுகளைத் தாண்டி நின்ற ஏடுகள் மிகச் சில. ஆகவே மூன்று நான்கு தலைமுறைக்கு ஒரு முறையேனும் யாரோ ஒருவர் பொறுமையாக அமர்ந்து மீண்டும் எழுதினால்தான் ஒரு நூல் உயிர் வாழும். சங்கப் பாடல்கள் இன்று தமிழர் கையில் இருப்பதற்குப் புலவர்களும் உரையாசிரியர்களும் மட்டும் காரணமல்லர். ஈராயிரம் ஆண்டு நெடுவழியில் அவற்றை மீண்டும் மீண்டும் எழுதிவைத்த பெயரறியாக் கைகளும் காரணம்.

அக்காலக் கருவி எழுத்தின் வடிவையும் தன் வசமாக்கிக்கொண்டது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியை எழுதாது விட்டனர் என்பர். குறிலாகிய எகர ஒகரங்களும் நெடிலாகிய ஏகார ஓகாரங்களும் ஏட்டில் ஒரே வடிவில் நின்றன. எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதைப் படிப்பவர் தம் யாப்பறிவாலும் மொழியறிவாலும் தெளிந்துகொள்ள வேண்டும். ஏட்டைப் படிப்பதே ஒரு கல்வியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கருவியின் குறையை மனிதரின் பயிற்சி நிரப்பியது.

இங்கே சிறப்பாகக் கருதத்தக்க ஒரு வழக்கம் உண்டு. ஏட்டின் இறுதியில், படியெடுத்தவர் தம் பெயரையும், எழுதி முடித்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றையும் குறித்து, எழுத்துப் பிழை இருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டுவது பெருவழக்கு. 'இதனை எழுதியவன் யான். பிழை இருப்பின் அதற்குப் பொறுப்பாளியும் யானே' என்னும் கையொப்பமாக அது விளங்கியது. எழுதும் கருவியோடு எழுதியவரின் பொறுப்பும் உடன் வந்தது. இதனை ஏட்டின் அறம் எனலாம். இனிவரும் ஆராய்ச்சி முழுவதற்கும் இதுவே உரைகல்.

அச்சு வந்த நாளும் அதன் பயன் வந்த நாளும்

தமிழ்மொழியில் அமைந்த முதல் அச்சு நூல் 1554இல் லிஸ்பன் நகரில் உரோமன் எழுத்தில் வெளிவந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல் 1578இல் கொல்லத்தில் வெளியாயிற்று. அதனை ஆக்கியவர் அன்றிக் அன்றிக்கசு அடிகளார். இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறிய மொழி தமிழே என்று இன்றும் பெருமையோடு பேசப்படுகின்றது. அந்தப் பெருமை உண்மையானதே. ஆயினும் அதனை அடுத்து நிற்கும் மற்றோர் உண்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருக்குறள் மூலம் அச்சானது 1812இல். முதல் தமிழ் அச்செழுத்துக்கும் அச்சிட்ட திருக்குறளுக்கும் இடையே 234 ஆண்டுகள் கழிந்தன.

இடைவெளி ஏன் இவ்வளவு நீண்டது? கருவி இருந்தது, ஆனால் அது சிலர் கையில் இருந்தது. கொல்லத்திலும் புன்னைக்காயலிலும் பின்னர்த் தரங்கம்பாடியிலும் அச்சகங்களை நடத்தியவர்கள் சமயப் பணியாளர்கள். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் நிறைவுற்றது. தம் பணிக்குத் தேவையானவற்றை அவர்கள் அச்சிட்டார்கள், அது இயல்பே. பின்னர்க் கும்பினி ஆட்சி அச்சகங்களைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. 1835இல் அக்கட்டுப்பாடு தளர்ந்த பின்னரே இந்தியர் நடத்தும் அச்சகங்கள் பெருகின. அப்போதும் படிக்கத் தெரிந்தவர் தொகை சிறியது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் 100க்கு ஏறத்தாழ 5 பேரே.

இதிலிருந்து பெறப்படும் முதற் பாடம் தெளிவானது. ஒரு கருவி வந்த நாள் வேறு. அதன் பயன் மக்களை வந்தடைந்த நாள் வேறு. இரண்டுக்கும் இடையே சட்டமும் கல்வியும் பொருள்வளமும் நிற்கின்றன. எந்திரம் தன் ஆற்றலால் சமுதாயத்தை மாற்றிவிடும் என்னும் எண்ணம் பாதி உண்மைதான். யார் கையில் எந்திரம் இருக்கின்றது, யாருக்கு அதனை அணுக வழியுண்டு என்பவை மற்றப் பாதியைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாம் பாடம் பதிப்பாசிரியர்களிடமிருந்து வருவது. சேலம் இராமசாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் சந்தித்தது 1880இல். சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது 1887இல். அதே 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளியாயிற்று. தொடர்ந்து சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. அச்சு எந்திரத்துக்கு ஒரு நூலை அச்சிடச் சில வாரங்கள் போதும். ஆனால் ஏடு தேடி ஊர் ஊராக அலையவும், கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கவும், பாடவேறுபாடுகளைக் குறிக்கவும், இடைச்செருகலை இனங்காணவும் ஆண்டுகள் வேண்டியிருந்தன. எந்திரம் விரைந்தது, அந்த விரைவுக்குத் தகுதியான பொருளை மனிதரின் பொறுமை தந்தது.

அப்பதிப்புகளின் முகவுரைகளைப் படிப்போர் ஒன்றைக் காணலாம். எந்தெந்த ஊரில் யார் யாரிடமிருந்து ஏடு கிடைத்தது, எந்த ஏடு குறையுடையது, எங்கே பொருள் விளங்கவில்லை என்பவற்றையெல்லாம் பதிப்பாசிரியர்கள் எழுதிவைத்தனர். ஏட்டின் கடைசியில் எழுத்தர் இட்ட கையொப்பம், அச்சு நூலில் முகவுரையாக வளர்ந்தது. புதிய கருவிக்கு ஏற்ற புதிய அறம் இவ்வாறு உருவாயிற்று. அதற்கு அச்சு வந்து முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்றாம் பாடம் துயரமானது. அச்சு பரவியதும் ஏடு படியெடுக்கும் வழக்கம் நின்றது. அச்சேறிய நூல்களுக்கு அதனால் கேடில்லை. அச்சேறாத நூல்கள் அனாதைகளாயின. படியெடுப்பாரின்றி ஏடுகள் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் செல்லரித்தன. பழைய ஏடுகளை ஆற்றில் விட்டதையும் தீயில் இட்டதையும் சாமிநாதையர் நெஞ்சம் நொந்து எழுதியிருக்கிறார். புதிய கருவி பழைய நூலைக் கொல்வதில்லை. பழைய நூலைக் காத்துவந்த பழக்கத்தை அது கொன்றுவிடுகின்றது. பழக்கம் மாய்ந்தபின் நூல் தானே மாய்கின்றது. எனவே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தோணி விடும்போது, எது தோணியில் ஏறவில்லை என்று பார்ப்பவர் ஒருவராவது வேண்டும்.

ஈய எழுத்தும் அது நடத்திய பள்ளியும்

அச்சுக்கூடத்தில் நூலாசிரியருக்கும் பதிப்பாசிரியருக்கும் அடுத்து நின்றவர் அச்சுக்கோப்பவர். தொழிலில் அவரைக் கம்பாசிட்டர் என்றே அழைப்பர். பல அறைகள் கொண்ட கேஸ் தட்டிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகக் கோப்பது அவர் வேலை. எழுத்து இடம் வலமாக மாறித் தோன்றும். அதனை அப்படியே படிக்க அவர் கண் பழகியிருக்க வேண்டும். தவறாகக் கோத்தால் மெய்ப்புத் திருத்துபவர் அடித்துத் திருப்பி அனுப்புவார். ஒரு சொல்லைப் பத்து முறை தவறாகக் கோத்துப் பத்து முறை திருத்தப்பட்டவருக்கு அச்சொல்லின் எழுத்து என்றும் மறவாது.

இது வெறும் தொழிலன்று, ஒரு பள்ளி. பள்ளிக் கல்வி எட்டாத பலருக்கு அது தமிழ் கற்பித்தது. அச்சுக்கோப்பவராக வாழ்வைத் தொடங்கி, பின்னர்த் தமிழ்ச் சிறுகதையிலும் நாவலிலும் நிலையான இடம் பெற்ற விந்தன் அப்பள்ளியின் மாணவரே. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்செட் அச்சும் கணிப்பொறி அச்சுக்கோப்பும் பரவியபோது கேஸ் தட்டுகள் மூலையில் ஒதுங்கின. கைகள் ஈயத்தால் நஞ்சாகும் துன்பம் நீங்கியது. அதற்காக மகிழவே வேண்டும். தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். அதற்காக வருந்தவும் வேண்டும். கணக்கில் வராத மூன்றாவது இழப்பு ஒன்றும் உண்டு. ஓர் ஏழைச் சிறுவன் தமிழுக்குள் நுழைவதற்கு இருந்த சிறுவாயில் ஒன்று அடைபட்டது. அதற்கு மாற்று வாயில் எங்கே அமைப்பது என்று அன்று எவரும் கேட்கவில்லை.

ஈய எழுத்து தமிழின் வடிவையும் தொட்டது. தந்தை பெரியார் 1935இல் தம் ஏட்டில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அச்சிலும் தட்டெழுத்திலும் உள்ள எளிமை ஒரு காரணமாக இருந்தது. 1978இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றபோது 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் வழக்கொழிந்தன. அன்று கற்ற குழந்தைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களுக்குப் பழைய அச்சுநூல் சற்றே அயலாகத் தோன்றுகின்றது. நன்மைக்காகச் செய்த மாற்றமும் பின்னோக்கிய பார்வையில் ஒரு சிறு திரையை இட்டுவிடுகின்றது.

கணிப்பொறியும் குறியீட்டுப் போரும்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் அது எழுத்தைக் காட்டும். தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்பதில் தொடக்கத்தில் உடன்பாடு இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தன் வழியில் எண் கொடுத்தது. ஓர் அலுவலகத்தில் தட்டெழுதிய கட்டுரை மற்றோர் அலுவலகத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ஒரே மொழிக்குள் மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட விந்தை அது.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்கள் பல நாடுகளில் பரவியிருந்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' செயலியை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997இல் தமிழிணைய மாநாடு கூடிற்று. 1999இல் சென்னையில் கூடிய மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது அமைப்பு கண்டது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி முறையில் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றிருந்தது. எனினும் அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128 மட்டுமே. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. இது குறித்து நெடிய வாதம் நிகழ்ந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

அவ்வாதத்தின் பொருளைச் சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து உறுப்புகளாகப் பிரிந்து நிற்கின்றது. பெரும்பாலும் வழங்கும் சேமிப்பு முறையில் ஓர் உறுப்புக்கு 3 பைட்டு வீதம் 15 பைட்டு இடம் வேண்டும். ஐந்து எழுத்துள்ள ஆங்கிலச் சொல்லுக்கு 5 பைட்டு போதும். சேமிப்பு இடம் மலிந்த காலத்தில் இது சிறு செய்தியே. ஆனால் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கித் துண்டுக் கணக்கில் கட்டணம் பெறும் எந்திரங்கள் வந்தபின் இதன் விளைவு வெளிப்பட்டது. அத்தகைய எந்திரங்கள் பலவற்றில் ஒரே கருத்தைக் கூற ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு மிகுதியான துண்டுகள் தேவைப்படுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு செய்த முடிவு இன்று ஒரு மாணவனின் செலவில் வந்து நிற்கின்றது. தொடக்கத்தில் இடப்படும் முடிச்சு பின்னர் அவிழ்ப்பதற்கு அரிது.

ஈட்டமும் சிறிதன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை உலகெங்கும் விலையின்றி வழங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஒரே இரவில் அழியும் என்பதை அத்தீ காட்டியது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் ஈழத்து மின்னூலகம் அவ்விழப்புக்கு ஒரு விடை எனலாம். ஆயிரம் இடங்களில் இருக்கும் நூலை ஒரு தீக்குச்சி அழிக்க இயலாது. ஏட்டுக் காலத்தின் அச்சத்தைக் கணிப்பொறி பெருமளவு போக்கியது.

தானே எழுதும் எந்திரம்

இனி மூன்றாவது மாற்றம். செயற்கை நுண்ணறிவு திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. நரம்பணுக்களின் அமைப்பைப் பின்பற்றிக் கற்கும் எந்திரத்தை அமெரிக்காவில் ரோசன்பிளாட் 1958இல் விளக்கினார். அவ்வகை எந்திரம் தன் பிழையிலிருந்து கற்கும் முறை 1986இல் தெளிவாக விளக்கப்பட்டது. 2012இல் படங்களை இனங்காணும் போட்டியில் அது பெருவெற்றி பெற்றது. 2017இல் கூகிள் நிறுவன ஆய்வாளர்கள் எண்மர் வெளியிட்ட கட்டுரை மொழியைக் கற்பதற்குப் புதிய அமைப்பு ஒன்றைத் தந்தது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதற் பெரும் அடிகளுக்கு இடையே இருபது முப்பது ஆண்டுகள். பின்னைய அடிகளுக்கு இடையே ஐந்தாறு ஆண்டுகள். அதன்பின் மாதக் கணக்கு.

அது செயற்படும் வழியைச் சுருக்கமாகக் கூறலாம். அளவிறந்த எழுத்துகளை அதன்முன் வைக்கின்றனர். ஒரு தொடரின் அடுத்த துண்டு எது என்று அது ஊகிக்கின்றது. ஊகம் தவறினால் உள்ளிருக்கும் கோடிக்கணக்கான எண்கள் சிறிது திருத்தப்படுகின்றன. இவ்வாறு எண்ணிறந்த முறை திருத்தப்பட்ட பின், மனிதர் நல்லதென மதிப்பிட்ட விடைகளைக் கொண்டு மேலும் பழக்குகின்றனர். பிழையும் திருத்தமுமே அதன் ஆசான். இவ்வகையில் அது அச்சுக்கூடச் சிறுவனை ஒத்திருக்கின்றது. ஒரு வேறுபாடு உண்டு. அச்சிறுவன் ஒரு வாழ்நாளில் கோக்கும் சொற்களைவிடப் பன்மடங்கு சொற்களை அது சில நாளில் கடந்துவிடுகின்றது.

அதனால் வரும் நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு எந்த நூலையும் அது படித்துக் காட்டும். எழுதத் தெரியாத முதியவரின் விண்ணப்பத்தை அவர் பேச்சிலிருந்து எழுதித் தரும். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் மருத்துவக் குறிப்பைத் தமிழில் விளக்கும். ஐந்து விழுக்காட்டினரே படிக்கத் தெரிந்திருந்த நாட்டில் அச்சு செய்ய இயலாததை, பேச்சைக் கேட்டுப் பேச்சால் விடை கூறும் எந்திரம் செய்ய வல்லது. எழுத்தறிவு என்னும் மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு இது பெரும் பேறு.

தீமைகளும் மறைக்கத்தக்கன அல்ல. எந்திரம் பொருத்தமான தொடரைத் தேடுகின்றது. பொருத்தமும் உண்மையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சங்கப் பாடல் ஒன்றைக் கேட்டால், இல்லாத அடியை இருப்பது போலத் தொடுத்துத் தருவதும் உண்டு. ஓசை பொருந்தியிருக்கும், சொல்லும் பழையதாக இருக்கும், நூலில் மட்டும் அவ்வடி இராது. தமிழுக்கு இடைச்செருகல் புதிதன்று. கம்பராமாயணத்தில் வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிச் சேர்த்தவை எனக் கூறப்படும் 'வெள்ளிப் பாடல்க'ளை விலக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு சிறிதன்று. ஒரு தம்பிரான் ஒரு வாழ்நாளில் செய்த செருகலுக்கே அத்துணைத் தொல்லை. நொடிக்கு ஒன்றாகச் செருகல் பிறக்கும் காலத்தில் என்னாகும்? அச்செருகல்கள் இணையத்தில் பரவி, அடுத்த எந்திரத்தின் பாடநூலாகவும் ஆகிவிடக் கூடும். பொய் தன்னைத் தானே சான்றாகக் காட்டும் நிலை அது.

இரண்டாவது தீமை அச்சுக்கூடப் பள்ளியின் கதையை நினைவூட்டுவது. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், செய்திச் சுருக்கம், கடிதம் வரைதல் ஆகியன எந்திரம் எளிதில் ஏற்கும் வேலைகள். இவையே இளைஞர் தம் தொழிலைத் தொடங்கும் முதற்படிகள். தேர்ந்த பதிப்பாசிரியரின் இடத்தை எந்திரம் இன்று பறிக்கவில்லை. நாளைய பதிப்பாசிரியர் ஏறி வரவேண்டிய ஏணியின் அடிப்படியை அது எடுத்துவிடக் கூடும். அதன் விளைவு உடனே தெரியாது. இருபது ஆண்டு கழித்து, எந்திரம் எழுதியது சரியா தவறா என்று கூற வல்லவரைத் தேடும்போதுதான் தெரியும்.

மூன்றாவது, மௌனமான தீமை. எந்திரம் தனக்குத் தரப்பட்டதையே கற்கின்றது. தரப்படுவது பெரும்பாலும் எழுத்துத் தமிழ். நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் யாழ்ப்பாணத்து வழக்கும் மட்டக்களப்பு வழக்கும் மலையகத் தோட்டத்து மொழியும் எழுத்தில் ஏறியவை குறைவு. தோணியில் ஏறாத ஏடுகள் போல இவ்வழக்குகளும் கரையில் நின்றுவிடக் கூடும். எல்லோரும் எந்திரத்துக்குப் புரியுமாறு பேசப் பழகிவிட்டால், கரையில் நிற்பவற்றைத் தேடுவாரும் இலராவர்.

விரைவும் பொறுமையும்

விரைவு ஒன்றையே குற்றம் கூறுவதும் முறையன்று. கொரோனாத் தொற்றின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியிடப்பட்டது; அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் பிரிட்டனில் பொதுமக்களுக்குத் தடுப்பூசி இடத் தொடங்கினர். ஓராண்டுக்குள் நிகழ்ந்த அவ்விரைவு எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதற்கு அடிப்படையான தூது ஆர்.என்.ஏ. 1961இல் கண்டறியப்பட்டது. அதனை உடல் ஏற்குமாறு மாற்றும் வழியைக் காரிகோ, வெய்ஸ்மன் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்டனர். நோபல் பரிசு அவர்களுக்கு 2023இல் வந்தது. ஓராண்டில் கனிந்த கனிக்கு அறுபதாண்டு வேர் இருந்தது. அத்தடுப்பூசியும் செல்வ நாடுகளுக்கு முன்னும் ஏழை நாடுகளுக்குப் பின்னும் சென்றது. விரைவுக்குப் பின்னே பொறுமை உண்டு. விரைவுக்கு முன்னே பங்கீடு என்னும் பழைய வினாவும் உண்டு. அச்சின் வரலாறு கூறிய பாடம் மருத்துவத்திலும் அப்படியே பொருந்துகின்றது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலப்படும். ஏட்டுக்கு எழுத்தரின் கையொப்பம் இருந்தது. அச்சுக்குப் பதிப்பாசிரியரின் முகவுரை இருந்தது. எந்திரம் எழுதும் தொடருக்கு இன்னும் கையொப்பமும் இல்லை, முகவுரையும் இல்லை. எந்த ஏட்டிலிருந்து எடுத்தது, எங்கே ஐயம் உள்ளது, பிழைக்கு யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கு அது தானே விடை கூறுவதில்லை. கேட்டால் கூறும் விடையும் நம்பத்தக்கதாக எப்போதும் இருப்பதில்லை. அச்சுக்கு ஏற்ற அறத்தை உருவாக்கத் தமிழ்ச் சமுதாயத்துக்கு முந்நூறு ஆண்டுகள் கிடைத்தன. இப்புதிய கருவிக்கு அத்தனை காலம் கிடைக்காது. தொழில்நுட்பத்தின் விரைவால் மனித வாழ்வுக்கு வரும் உண்மையான நெருக்கடி இதுவே. கருவி வளரும் வேகத்தில் வழக்கம் வளர்வதில்லை.

செய்யத்தக்கவை

பேரரசுகளும் பெருநிறுவனங்களும் செய்ய வேண்டியவை பல. அவற்றுக்குக் காத்திராமல் ஓர் இலக்கிய வட்டத்தின் ஆற்றலுக்குள் அடங்குவன சில உண்டு.

முதலாவது, சான்று கேட்கும் வழக்கம். வட்டத்தின் மேடையிலோ மலரிலோ ஒரு மேற்கோள் வருமாயின் அது எந்த நூல், எந்தப் பதிப்பு என்று கூறப்படுதல் வேண்டும். எந்திரத்தின் துணை கொண்டு எழுதியிருப்பின் அதனை வெளிப்படக் கூறுதல் வேண்டும். பிழைக்கு எழுதியவரே பொறுப்பாவார். பழைய எழுத்தரின் கையொப்பத்தை மீண்டும் உயிர்ப்பிப்பதே இது.

இரண்டாவது, தோணியில் ஏறாதவற்றைத் தேடுதல். தாலாட்டும் ஒப்பாரியும் தொழிற்பாட்டும் அறிந்த முதியோர் இன்னும் ஊர்தோறும் உள்ளனர். அவர்கள் குரலைப் பதிவு செய்து, ஊரும் நாளும் குறித்து, நூலகம் ஒன்றில் சேர்க்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சிற்றிதழ்களின் பழைய தொகுப்புகள் வீட்டுப் பரண்களில் உள்ளன. சாமிநாதையர் நடந்து தேடிய காலத்தைவிட இன்று வழி எளிது.

மூன்றாவது, அடைபட்ட வாயிலுக்கு மாற்று வாயில் அமைத்தல். இளைஞர் இருவர் மூவரை ஆண்டுதோறும் அமர்த்தி மெய்ப்புத் திருத்தவும், ஒப்புநோக்கவும், மொழிபெயர்க்கவும் பழக்கலாம். எந்திரம் நொடியில் செய்யும் வேலையை மனிதன் ஏன் மெல்லச் செய்ய வேண்டும் என்று கேட்பார் உண்டு. எந்திரத்தின் வேலையை மதிப்பிடும் ஆற்றல் அந்த மெல்லிய பயிற்சியில்தான் பிறக்கின்றது என்பதே விடை. தானே கோத்துப் பிழைத்துத் திருந்தியவருக்கே பிறர் பிழை கண்ணில் படும்.

தொழில்நுட்பம் மனிதனைத் தெய்வமாக்கும் என்பாரும், அடிமையாக்கும் என்பாரும் இன்று மிகுதி. தமிழின் வரலாறு இரு சாராரையும் அமைதிப்படுத்துகின்றது. ஏடு போயிற்று, குறள் இருக்கின்றது. வளையாபதியும் குண்டலகேசியும் பிற நூல்களில் எஞ்சிய சில பாடல்களாக மட்டும் நிற்கின்றன. இரண்டுக்கும் கருவி ஒன்றே. ஒன்றை மீண்டும் மீண்டும் எழுதியும் கற்றும் கற்பித்தும் காத்த கைகள் இருந்தன; மற்றவற்றுக்கு ஒரு காலத்தில் அக்கைகள் இல்லாது போயின. அடுத்த பத்தாண்டில் எந்திரம் எவ்வளவு எழுதும் என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. அது எழுதியதைப் படித்து, 'இது சரி, இது பிழை' என்று சான்றோடு கூறத்தக்க பத்துப் பேரையேனும் ஒவ்வோர் ஊரிலும் உருவாக்குவது இத்தகைய வட்டங்களின் கையில் உள்ளது. இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும் நாளில் அப்பத்துப் பேரின் பெயர்களும் அதில் இடம் பெறுமாக.